27 மணித்தியாலம்



இது கொஞ்சம் நீளமான பதிவு. இப்போது நேரம் இல்லாதவர்கள் வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்திருக்கும்போது வாசியுங்கள்.

போன சனிக்கிழமை சுபஹ் தொழுதுவிட்டு வழமைபோல ஓடப் போனோம். சோனகத்தெருவில் தொடங்கி, கோட்டையைச் சுற்றி, பண்ணைப் பாலத்தால் மண்டைதீவுச் சந்தி வரை போய்த் திரும்புவதுதான் எங்கள் பாதை. இரண்டு ஆசிரியர்கள், ஒரு தையல்காரர், ஒரு இரும்புக்கடைக்காரர், சில நாட்களில் எங்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் நாலைந்து பேர். வேகமாக ஓடுகிற ஆட்கள் இல்லை. பாலத்தில் தூண்டில் போடுகிற பெரியவர் ஒருவர் எங்களைப் பார்த்து, "தம்பிமார், நடந்து போனாலும் இந்த நேரத்துக்குப் போயிடலாம்" என்று சொல்லுவார். அவர் சொல்வதில் பிழை இல்லை.

அன்றைக்கு சாதாரண தரம் எழுதப்போகிற ஒரு மகன் எங்களோடு வந்தார். திரும்பி வரும்போது, கடல்காற்றுக்கு எதிராக மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டார்: "சேர், இவ்வளவு கஷ்டப்பட்டு ஓடி என்ன கிடைக்குது? சேர்டிபிக்கட்டும் இல்லை. வீடியோ போட்டாலும் ஒருத்தரும் பார்க்க மாட்டாங்க."

நக்கலாகக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்டார். எங்களுக்குச் சட்டென்று ஒரு பதிலும் வரவில்லை. உடம்புக்கு நல்லது என்று சொல்லியிருக்கலாம், சீனி வருத்தம் வராது என்று சொல்லியிருக்கலாம். அதற்காகத்தான் ஓடுகிறோம் என்று சொன்னால் அது முழு உண்மை ஆகாது. அதனால் அவருக்குத் தொண்டைமானாற்று மனிதர் ஒருவரின் கதையைச் சொல்லத் தொடங்கினோம். கோட்டையடிக்கு வந்தபோது பாதியில் நின்றுவிட்டது. மீதியை இங்கே எழுதுகிறோம். அந்த மகனும் இதை வாசிப்பார் என்று தெரியும், போன் கையை விட்டு இறங்கினால்தானே.

1954ஆம் ஆண்டு மார்ச் மாதம். தொண்டைமானாற்றைச் சேர்ந்த முருகுப்பிள்ளை நவரத்தினசாமி என்பவர் வல்வெட்டித்துறைக் கரையில் கடலுக்குள் இறங்கினார். போய்ச் சேர வேண்டிய இடம் தமிழ்நாட்டின் கோடியக்கரை. 27 மணித்தியாலம் நீந்திப் போய்ச் சேர்ந்தார். பாக்கு நீரிணையை நீந்திக் கடந்த முதல் மனிதராகப் பதிவில் இருப்பவர் அவர்தான்.

27 மணித்தியாலம் என்பதை எழுத்தில் வாசித்தால் ஒன்றும் தெரியாது. இப்படிக் கணக்குப் போட்டுப் பாருங்கள். இன்றைக்கு அஸர் தொழுதுவிட்டு ஒருவர் கடலில் இறங்குகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மஃரிப், இஷா, சுபஹ், லுஹர் எல்லாம் போய், மறுநாள் அஸரும் போய், மஃரிபுக்குப் பாங்கு சொல்லுகிற நேரத்தில்தான் அவர் கால் மண்ணில் படுகிறது. இடையில் படுக்க முடியாது, இருக்க முடியாது. இப்படியான நீச்சலில் துணைக்கு வள்ளம் வரும், ஆனால் வள்ளத்தைத் தொடக்கூடாது. தொட்டால் அதோடு கணக்கு முடிந்தது. சாப்பாட்டையும் தண்ணீரையும் நீட்டுவார்கள். மிதந்துகொண்டே வாங்கி, மிதந்துகொண்டே விழுங்க வேண்டும். உப்புத் தண்ணீரில் நாக்கு தடித்துப்போகும், கழுத்தும் அக்குளும் உரசி உரசிப் புண்ணாகும். இரவில் சொறி உடம்பில் பட்டால் எரியும், அது எங்கே இருக்கிறது என்று கண்ணுக்கும் தெரியாது.

வல்வெட்டித்துறைக்கும் கோடியக்கரைக்கும் இடையில் 50 கிலோமீட்டருக்கும் கூட. அதை 27ஆல் பிரித்தால் மணிக்கு ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர் வரும். நாங்கள் சந்தைக்கு நடக்கிற வேகத்தில் பாதி! பண்ணைப் பாலத்துப் பெரியவர் எங்களைப் பார்த்துச் சொன்னதை நவரத்தினசாமியையும் பார்த்துச் சொல்லியிருப்பார்.

இந்த வேகக் குறைவில்தான் விஷயம் முழுக்க இருக்கிறது என்று நாங்கள் நினைக்கிறோம். கடலில் பலத்தைக் காட்ட முடியாது. பாக்கு நீரிணை ஆழம் குறைந்த கடல். காற்று மாறினால் நீரோட்டமும் மாறும். வாடைக்காற்றுக் காலத்தில் ஒரு பக்கம் இழுக்கும், சோளகத்தில் மற்றப் பக்கம். மார்ச் மாதம் என்பது வாடை ஓய்ந்து, சோளகம் இன்னும் எழும்பாத இடைவெளி. அந்த இடைவெளியைத் தெரிந்து வைத்திருப்பதற்கே ஒரு மனிதன் பல வருடம் கரையில் இருந்து கடலைப் பார்த்திருக்க வேண்டும். ரியூட்டரியில் மூன்று மாத கோர்ஸாக அதைப் படிக்க முடியாது.

உலகத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க ஒரு கணக்குச் சொல்கிறோம். ஆங்கிலக் கால்வாயை முதன்முதலில் நீந்திக் கடந்த கப்டன் மத்தியூ வெப், 1875இல் அதற்கு 21 மணித்தியாலம் 45 நிமிடம் எடுத்தார். அந்தக் கால்வாய் மிக ஒடுங்கிய இடத்தில் 34 கிலோமீட்டர் அளவுதான். குளிர் அங்கே கூட, அது வேறு கதை.  எங்கள் வகுப்பில் நவரத்தினசாமி யார் என்று கேட்டோம். 31 பிள்ளைகளில் ஒருவர் கை தூக்கினார். அவரும் வடமராட்சியில் சொந்தக்காரர் இருக்கிற பிள்ளை.

1966இல் வங்காளத்தைச் சேர்ந்த மிஹிர் சென் தலைமன்னாரில் இருந்து தனுஷ்கோடிக்கு 25 மணித்தியாலம் 36 நிமிடத்தில் நீந்திப் போனார். பெரிய சாதனைதான், அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. பாக்கு நீரிணையை முதலில் கடந்தவர் அவர்தான் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், அதைத்தான் திருத்த வேண்டி இருக்கிறது. எங்கள் குடாநாட்டு மனிதர் 12 வருடம் முந்திவிட்டார். அதுவும் தலைமன்னார்ப் பாதையை விட நீளமான பாதையால்.

வல்வெட்டித்துறைப் பக்கத்துக்கு இது புதிதும் இல்லை. கப்பல் கட்டின ஊர் அது. அங்கே கட்டப்பட்ட அன்னபூரணி என்ற பாய்க்கப்பலை ரொபின்சன் என்ற அமெரிக்கர் விலைக்கு வாங்கினார். வல்வெட்டித்துறைக் கடலோடிகளே அதைச் செலுத்திக்கொண்டு போய் 1938இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தில் கட்டினார்கள். தைப்பொங்கலுக்கு அந்தக் கடற்கரையில் ஏற்றுகிற விநோதப் பட்டங்களைப் பார்த்திருப்பீர்கள். வாரக்கணக்கில் மூங்கில் சீவி, நூல் கட்டி, கடதாசி ஒட்டிச் செய்கிறது ஒரு பின்னேரத்தில் அறுந்து கடலுக்குள் விழுந்துவிடும். அடுத்த வருடமும் அதே ஆட்கள் மூங்கில் சீவிக்கொண்டு இருப்பார்கள். அவர்களிடம் போய் "என்ன கிடைக்குது" என்று கேட்டால் என்ன சொல்லுவார்கள் என்று எங்களுக்கும் ஆசையாக இருக்கிறது.

நவரத்தினசாமிக்குப் பிறகு வந்தவர் வல்வெட்டித்துறை குமார் ஆனந்தன். ஆழிக்குமரன் ஆனந்தன் என்று சொன்னால் மூத்தவர்களுக்கு உடனே விளங்கும். 1971இல் பாக்கு நீரிணையைப் போகவும் வரவும் நீந்தினார், 51 மணித்தியாலம். நவரத்தினசாமி ஒரு இரவைக் கடலில் கழித்தார் என்றால் ஆனந்தன் இரண்டு இரவு. அந்தச் சாதனை 50 வருடம் நின்றது. 2021 ஏப்ரலில் இலங்கை விமானப்படையைச் சேர்ந்த ரொஷான் அபேசுந்தர 28 மணித்தியாலம் 19 நிமிடத்தில் போய்த் திரும்பி அதை முறியடித்தார். அந்தச் செய்தி வந்த அன்று எங்களுக்குச் சந்தோசமும் வந்தது, ஒரு சின்ன வருத்தமும் வந்தது. ரெக்கோர்ட் என்றால் அப்படித்தான், ஒருநாள் வேறு ஒருவர் கைக்குப் போகும்.

ஆனந்தன் வித்தியாசமான ஆள். 1979 மே மாதத்தில் கொழும்பு விகாரமகாதேவிப் பூங்காவைச் சுற்றிச் சுற்றி 187 மணித்தியாலம் 28 நிமிடம் நிற்காமல் சைக்கிள் ஓடி கின்னஸ் புத்தகத்தில் இடம் பிடித்தார். அதாவது ஏழு நாளும் 19 மணித்தியாலமும். ஒற்றைக் காலில் 33 மணித்தியாலம் நின்றார். இன்னும் பல. இதை எழுதும்போது எங்களுக்குள்ளேயே ஒரு வாக்குவாதம் வந்தது. இரும்புக்கடை நானாவுக்கு ஒற்றைக் கால் சாதனைதான் மிகவும் பிடிக்கும். எங்களில் மற்றவர்களுக்கு அது சர்க்கஸ் மாதிரித் தெரிகிறது. கடலை நீந்திக் கடந்தவன் அக்கரையில் ஏறுகிறான், ஒரு இடத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறான். ஒற்றைக் காலில் நின்றவன் நின்ற இடத்திலேயேதான் நிற்கிறான். புத்தகத்தில் பெயர் வருவதற்காகச் செய்கிறதுக்கும், அந்த வேலையின் மீதுள்ள ஆசையினால் செய்கிறதுக்கும் வித்தியாசம் இருக்கிறது என்பது எங்கள் பக்கம். "33 மணித்தியாலம் நின்று பாருங்கோ, பிறகு கதையுங்கோ" என்பது நானாவின் பக்கம். அவருடைய பேச்சுக்கு எங்களிடம் பதில் இல்லை என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

அதே ஆனந்தன் 1984 ஆகஸ்ட் 6ஆம் திகதி ஆங்கிலக் கால்வாயை நீந்தும் முயற்சியில் உயிர் இழந்தார். வயது 41. பாக்கு நீரிணையில் தண்ணீர் 28 பாகை அளவில் வெதுவெதுப்பாக இருக்கும். ஆங்கிலக் கால்வாயில் கோடைகாலத்திலும் 18 பாகையைத் தாண்டுவது குறைவு. உடம்புச் சூடு இறங்கிக்கொண்டே போகும். 51 மணித்தியாலம் தாங்கின உடம்பு வேறொரு கடலில் தாங்கவில்லை. பிள்ளைகளுக்கு இந்தப் பகுதியைச் சொல்லாமல் மறைக்கக்கூடாது என்பது எங்கள் எண்ணம். விடாமுயற்சி இருந்தால் எல்லாம் முடியும் என்று மேடையில் பேசுகிறவர்கள் இந்த இடம் வரும்போது பக்கத்தைப் புரட்டிவிடுகிறார்கள். இன்றைக்கு வல்வெட்டித்துறையில் அவர் பெயரில் ஒரு நீச்சல் தடாகம் இருக்கிறது.

அவர் இறந்த காலத்தில் எங்கள் கடலும் எங்களுக்கு இல்லாமல் போகத் தொடங்கிவிட்டது. முதலில் மீன்பிடிக்குக் கட்டுப்பாடு, பிறகு ஊரடங்கு, பிறகு உயர் பாதுகாப்பு வலயம். மயிலிட்டித் துறைமுகம் 1990இல் மூடப்பட்டு, 2017 ஜூலையில்தான் திரும்பவும் மக்களிடம் வந்தது. 27 வருடம். ஒரு தலைமுறைப் பிள்ளைகள் கடலுக்கு ஒரு கிலோமீட்டர் தூரத்தில் பிறந்து, வளர்ந்து, கலியாணமும் முடித்துவிட்டார்கள், நீச்சல் தெரியாது. மூன்று பக்கமும் கடல் இருக்கிற ஒரு குடாநாட்டில்! இப்போது சுற்றுலா என்று கசூரினாவுக்கும் சாட்டிக்கும் போகிற எங்கள் பிள்ளைகள் முழங்கால் தண்ணீரில் நின்று செல்பி எடுத்துவிட்டு வருகிறார்கள். இன்னும் ஆழமாகப் போன சில பிள்ளைகள் திரும்பி வராததும் எல்லோருக்கும் தெரியும். நீச்சல் பழகுவதை வீண் விளையாட்டில் சேர்க்காத ஹதீஸ் இருக்கிறது. அதைக் குத்பாவில் கேட்டுவிட்டுத் தலையாட்டுகிறோம், பிள்ளையைத் தண்ணீரில் இறக்க மட்டும் பயம்.

இனி எங்கள் சொந்தக் கதை கொஞ்சம்.

நாங்கள் ஓடப் பழகினது ஜின்னா மைதானத்தில். ஒஸ்மானியாக் கல்லூரியின் மைதானம். இல்ல மெய்வல்லுநர் போட்டிக்குச் சுண்ணாம்புக் கோடு போடுவார்கள், பொழுது பட்டும் அந்தக் கோட்டில் ஓடிக்கொண்டு இருப்போம். உம்மா ஆள் அனுப்பிக் கூப்பிடுவா. மரதன் என்று ஒரு ஓட்டம் வைப்பார்கள், உண்மையில் நாலைந்து மைல் தான், ஆனாலும் பெயர் மரதன். அதில் கடைசியாக வந்தவருக்கும் கை தட்டுவார்கள். எங்களுக்கும் அந்தக் கைதட்டு கிடைத்திருக்கிறது.

அந்த நாட்களில் எங்கள் ஆசிரியர்கள் சொல்லுகிற பெயர் எதிர்வீரசிங்கம். பெரியவிளானில் பிறந்து யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் படித்தவர். 18 வயது நிறையும் முன்பே 1952இல் ஹெல்சின்கி ஒலிம்பிக்குக்குப் போனார், 1956இல் மெல்பேர்ணுக்கும். 1958 ரோக்கியோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் உயரம் பாய்தலில் தங்கம். இலங்கைக்கு ஆசிய விளையாட்டில் கிடைத்த முதல் தங்கம் அது, 2.03 மீற்றர். 1962இல் ஜகார்த்தாவில் வெள்ளி. இன்றைக்குப் பிள்ளைகள் முதுகு கீழே இருக்கப் பாய்ந்து தடித்த மெத்தையில் விழுகிறார்கள். அந்தப் பாணி உலகத்துக்குத் தெரிய வந்ததே 1968 மெக்சிக்கோ ஒலிம்பிக்கில். எதிர்வீரசிங்கம் காலத்தில் விழுகிற இடம் மணல். தடியைத் தாண்டுவதோடு வேலை முடியாது, எலும்பு முறியாமல் இறங்கவும் பழக வேண்டும். ஒரு அங்குலம் கூட்டுவதற்கு எத்தனை தடவை அந்த மணலில் விழுந்திருப்பார் என்று எண்ணிப் பாருங்கள். பிற்காலத்தில் கல்வியாளராக வாழ்ந்து 2024இல் காலமானார். எங்கள் பிள்ளைகளுக்கு அவர் பெயரும் தெரியாது. இதற்குப் பிள்ளைகளைக் குற்றம் சொல்ல முடியாது. சொல்லிக் கொடுக்க வேண்டியவர்கள் நாங்கள்.

1990 ஒக்டோபர் 30. அன்றைக்கு ஒலிபெருக்கி கட்டிய வாகனங்கள் எங்கள் தெருக்களில் வந்தன. வீட்டுக்கு ஒருவர் ஜின்னா மைதானத்துக்கு வரவேண்டும் என்று அறிவித்தார்கள். சுண்ணாம்புக் கோடு போட்டு நாங்கள் ஓடின அதே மைதானம். அங்கே வைத்துத்தான் சொன்னார்கள், இரண்டு மணித்தியாலத்துக்குள் ஊரை விட்டுப் போக வேண்டும் என்று. அதற்குப் பிறகு நடந்ததை இங்கே எழுதப் போவதில்லை. வாசிக்கிறவர்களில் பாதிப்பேர் அன்று அந்த மைதானத்தில் நின்றவர்கள், மீதிப்பேர் அவர்களுடைய பிள்ளைகள். புத்தளத்திலும் நீர்கொழும்பிலும் இருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு எங்கள் ஸலாம்.

ஒன்றை மட்டும் சொல்கிறோம், அது இந்தக் கதைக்கு வேண்டும். எங்கள் வாப்பாவிடம் ஒரு யாஷிகா கமரா இருந்தது. அந்தக் காலத்தில் ஒரு ரோலில் 36 படம். 36 என்றால் 36தான். பெருநாளுக்கு இரண்டு, பள்ளிக்கூடப் போட்டிக்கு நாலு, கலியாண வீட்டுக்கு பத்து என்று பார்த்துப் பார்த்து எடுப்பார். ஒரு ரோல் முடிய ஐந்தாறு மாதம் போகும். "ஆடாதீங்க" என்று சொல்லிவிட்டு எங்களை வெயிலில் நிறுத்தி வைத்து, ஒளியை அளந்து, தூரத்தைத் திருத்தி, பிறகு முகில் வந்துவிட்டது என்று திரும்பவும் முதலில் இருந்து தொடங்குவார். எங்களுக்கு அலுத்துப்போகும். உம்மா, "படம் எடுக்குறதுக்குள்ள புள்ளைகள் வளர்ந்துருவாங்க" என்று ஏசுவா. ரோல் முடிந்து ஸ்ரூடியோவில் கழுவக் கொடுத்து, அது வந்து பார்க்கும்போதுதான் பெருநாள் உடுப்போடு நாங்கள் எப்படி இருந்தோம் என்று தெரியும். அதற்குள் அந்த உடுப்பு தம்பிக்கு அளவாகியிருக்கும்.

இரண்டு மணித்தியாலத்தில் என்ன எடுப்பது? பிள்ளைகளின் உடுப்பு, கொஞ்சம் சாப்பாடு. அல்பம் அலுமாரியிலேயே இருந்துவிட்டது. கமராவும் அங்கேயே, உள்ளே பாதி எடுத்த ரோலோடு. வாப்பா மௌத்தாகும் வரைக்கும் வீட்டையோ கடையையோ பற்றிக் கவலைப்பட்டுக் கதைத்தது குறைவு. "அந்த ரோலில் 14 படம் மிச்சம் இருந்தது" என்று மட்டும் சொல்லுவார். எண்ணிக்கை அவருக்கு அவ்வளவு சரியாக நினைவில் இருந்தது.

எங்கள் சின்ன வயதுப் படம் என்று இப்போது எங்களிடம் இருப்பது ஏழு. எல்லாம் கொழும்பிலும் கண்டியிலும் இருந்த சொந்தக்காரருக்கு அந்தக் காலத்தில் தபாலில் அனுப்பினவை. மற்றவர்களுக்குக் கொடுத்ததுதான் எங்களுக்குத் திரும்பி வந்தது, எங்களுக்கென்று வைத்துக்கொண்ட ஒன்றும் வரவில்லை. பல குடும்பங்களிலும் இதே கதைதான் என்று தெரியும். உங்களிடம் சோனகத்தெருப் படங்கள் பழையது இருந்தால் தயவுசெய்து எறிந்துவிடாதீர்கள். பின்பக்கத்தில் பெயரையும் இடத்தையும் எழுதி வையுங்கள்.

2009க்குப் பிறகு திரும்பி வந்து, வீடு கட்டி, தண்ணீருக்கும் கரண்டுக்கும் அலைந்து ஓய்ந்த பிறகுதான் எங்களுக்கு இந்த ஓட்ட யோசனை வந்தது. முதல் நாள் ஜின்னா மைதானத்தில் இரண்டு சுற்று ஓடினோம். மூன்றாவது சுற்று முடியவில்லை. களைப்பு மட்டும் என்று சொல்ல முடியாது. எங்களில் ஒருவர் மைதானத்தின் ஒரு மூலைக்கு வந்ததும் நின்றுவிட்டார். அன்றைக்கு அவருடைய வாப்பா நின்ற இடம் அது. யாரும் ஒன்றும் கதைக்கவில்லை. அடுத்த நாள் அவரே முதலில் வந்து நின்றார். ஒரு மாதம் போக, அந்த மூலையால் நிற்காமல் ஓடினார். ஆறு மாதத்துக்குப் பிறகுதான் பண்ணைப் பாலத்துக்கு வெளிக்கிட்டோம். இதை எந்த ஆப்பும் அளந்து காட்டாது.

ஒரு பயணத்தில் நபி (ஸல்) அவர்கள் ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப் பந்தயம் ஓடியதும், முதல் தடவை ஆயிஷா நாயகி முந்தியதும், காலம் போய் இன்னொரு தடவை நபியவர்கள் முந்திவிட்டு இது அதற்குப் பதில் என்று சொன்னதும் அபூதாவூதில் பதிவாகி இருக்கிறது. எங்கள் பெண் பிள்ளைகளுக்கு ஓட ஒரு இடமும் நேரமும் ஒதுக்கிக் கொடுக்க வேண்டும் என்று கதைக்கும்போதெல்லாம் இந்தச் சம்பவம் ஞாபகத்துக்கு வருகிறது. முல்லைத்தீவைச் சேர்ந்த அகிலத்திருநாயகி அம்மா 72 வயதில், 2023இல் பிலிப்பைன்ஸில் நடந்த மூத்தோர் தடகளப் போட்டியில் ஓடித் தங்கம் எடுத்ததைப் பார்த்தோம் தானே. பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருக்கிறவர்களும் இதை வாசிப்பீர்கள். இது பற்றித் தனியாகக் கதைப்போம்.

கமராவுக்கு வருவோம். போன வருடம் பழைய பிலிம் கமரா ஒன்று எங்கள் கைக்கு வந்தது. யாஷிகா இல்லை, வேறு ஒன்று. பிலிம் ரோல் இங்கே கிடைக்காது, கொழும்பில் தேடித்தான் எடுக்க வேண்டும், விலையும் சும்மா இல்லை. ஒரு ரோல் வாங்கி, ஓட வருகிற பிள்ளைகளிடம் கொடுத்தோம். நிபந்தனை ஒன்றுதான்: ஆளுக்கு ஆறு படம், ஒரு நாளைக்கு ஒன்றுக்கு மேல் எடுக்கக்கூடாது. எடுத்த நேரமும் இடமும் கொப்பியில் எழுத வேண்டும்.

முதல் கிழமை எல்லோரும் கமராவின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார்கள், படம் தெரியும் என்று நினைத்து. இரண்டாம் கிழமை ஒருவர் கமராவைத் திறந்தே பார்த்துவிட்டார், அதுவரை எடுத்ததெல்லாம் வெளிச்சம் பட்டு அழிந்தது. ஏசவில்லை. இன்னொரு ரோல் வாங்கினோம், தையல்காரர் நானா காசு போட்டார். அல்லாஹ் அவருக்கு பரக்கத் செய்யட்டும்.

பள்ளிக்கூடத்தில் ஒரு சின்ன அறையின் யன்னலைக் கறுப்புத் துணியால் மூடி, பிலிமை இருட்டுக்குள்ளேயே டாங்கியில் சுற்றி, டெவலப்பர் ஊற்றி, நிமிடத்துக்கு ஒரு தடவை ஆட்டி, பிறகு பிக்சர் ஊற்றி, தண்ணீரில் கழுவி எடுத்தோம். செய்முறைப் புத்தகத்தைப் பார்த்துப் பார்த்துத்தான். அரை மணித்தியாலம் ஒருவரும் போனைத் தொடவில்லை, இருட்டில் வெளிச்சம் விடக்கூடாது என்று முதலில் வாங்கி வைத்துவிட்டோம். ஈரப் பிலிமை யன்னலுக்கு நேரே பிடித்தபோது அந்தப் பிள்ளைகள் போட்ட சத்தத்துக்கு அதிபர் வந்து எட்டிப் பார்த்தார். 36இல் உருப்படியாக வந்தது 11. மிச்சம் இருட்டு, ஆட்டம், விரல்.

அந்த 11இல் ஒன்று ஜின்னா மைதானம். காலை வெயில், யாரும் இல்லை, ஒரு மூலையில் சைக்கிள் ஒன்று சாய்த்து வைத்திருக்கிறது. எடுத்தது அந்த சாதாரண தர மகன்தான், பாலத்தில் எங்களைக் கேள்வி கேட்டவர். கொப்பியில் நேரம் 6.20 என்று எழுதி இருக்கிறார். ஒரு படத்துக்காக மூன்று நாள் காலையில் போய் வெளிச்சம் சரியில்லை என்று எடுக்காமல் திரும்பி வந்ததையும் எழுதி இருக்கிறார். அவருடைய கேள்விக்கு எங்களை விட நல்ல பதில் அவருடைய கொப்பியிலேயே கிடக்கிறது. அதை அவருக்கு இன்னும் சொல்லவில்லை. இப்போது வாசித்திருப்பார்.

அந்தப் படத்தைப் பெரிதாகக் கழுவிச் சட்டம் போடுவதாக முடிவு. வாப்பா இருந்திருந்தால் சைக்கிள் கொஞ்சம் இடப்பக்கம் இருந்திருக்க வேண்டும் என்று சொல்லியிருப்பார்.

வருகிற சனிக்கிழமை, இன்ஷா அல்லாஹ், ஓட்டம் இல்லை, சைக்கிள். சுபஹ் முடிந்ததும் பள்ளிவாசல் முன்னால் இருந்து வெளிக்கிட்டு கோப்பாய், நீர்வேலி, புத்தூர், அச்சுவேலியால் தொண்டைமானாறு. ஒரு பக்கம் 25 கிலோமீட்டர் அளவு. நிலாவரைக் கிணற்றடியில் நின்று தேத்தண்ணி குடிக்கலாம், ஒருவரும் முந்தி ஓட வேண்டாம். தொண்டைமானாற்றில் நவரத்தினசாமியின் ஊரைப் பார்த்துவிட்டு, நேரம் இருந்தால் வல்வெட்டித்துறைக் கரைக்கும் போவோம். கடலில் இறங்குவது இல்லை, அதை இப்போதே சொல்லி வைக்கிறோம். வாப்பா உம்மாவின் சம்மதம் இல்லாமல் வருகிற பிள்ளைகளைத் திருப்பி அனுப்புவோம். கமரா வரும், ரோலில் 22 படம் மிச்சம் இருக்கிறது. தண்ணீர்ப் போத்தல் கொண்டு வாங்கோ, வெளிக்கிட முதல் பிரேக்கை ஒருக்கால் பார்த்துக்கொள்ளுங்கோ.